களிமண் காயும் வரை

"அந்த ரோட்டை இத்தனை வருஷமா சமன் பண்ணினவன் நான். அது எங்க போய் முடியுதுன்னு ஒரு தடவைகூட உக்காந்து பாத்ததில்ல," என்றார் வெர்ல்.

நெட்ரா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எங்க முடியும்? பாறையிலதான். ஜன்னலைத் திற, இங்கிருந்தே தெரியும்."

"இது நம்ம வீட்டுப் பாறை. நான் சொல்றது, உலகமே விமானம் ஏறி வந்து பாக்குற பாறை."

"கல்லைப் பாக்க டிக்கெட் வாங்கணுமா?"

"வாங்கிட்டேன்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "கூடாரம் அடிக்கணுமே. உன் முட்டிதான் மடங்காதே."

"நீ அடி. நான் பக்கத்துல நின்னு குத்தம் சொல்றேன். வீட்டுல நடக்குறதைத் திருப்பிப் போட்டா முடிஞ்சுது."

நெட்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததை மறைக்க நிபந்தனை போட்டாள். "சனிக்கிழமை சாயங்காலம் நான் வீட்டுல இருக்கணும்."

"ஒரு ஞாயித்துக்கிழமை அந்த ஆர்கன் தூங்கினா ஆண்டவர் கோவிச்சுக்குவாரா, சிஸ்டர் ஆல்ரெட்?"

"கோவிச்சுக்குவார்."

"உன்கிட்ட வந்து சொன்னாரா?"

"நீதான் காது குடுக்க மாட்டேங்குறியே. அதான் எல்லாத்தையும் என்கிட்ட சொல்றார்."

வெர்ல் இரண்டு கைகளையும் தூக்கினார். "சரி. சனிக்கிழமை."

ஞாயிறுதோறும் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவள் நெட்ரா. அங்கே எல்லாரும் அவளை 'சிஸ்டர் ஆல்ரெட்' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் அவர் அப்படிக் கூப்பிட்டால் கேலி என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கேலி நடந்துவந்தது.

யூட்டா மாநிலத்தின் தென்பகுதியில், கவுண்டி எனும் மாவட்ட நிர்வாகத்தின் மண்சாலைகளை இழைத்துச் சமன் செய்யும் இயந்திரத்தை ஓய்வு பெறும் வரை ஓட்டியவர் வெர்ல். பெரிய மஞ்சள் வண்டி, வயிற்றுக்குக் கீழே நீண்ட அலகு. விடியும் முன் கிளம்பிப் போவார். தேசியப் பூங்காவின் எல்லைக் கம்பி வரை போய்த் திரும்பிவிடுவார். அதற்கு அப்பால் அவர் வேலை இல்லை. கம்பியைத் தாண்டி தினமும் யாராவது போவார்கள், கையசைப்பார்கள், இவரும் அசைப்பார். வண்டிக்குள் ஒரு பிளாஸ்கில் காபி இருக்கும். அவர்கள் சபையில் காபி குடிப்பது தப்பு. நெட்ராவுக்கு அந்தப் பிளாஸ்க் பற்றித் தெரியும். தெரிந்தது அவருக்கும் தெரியும். இருவரும் பேசிக்கொண்டதில்லை.

அந்தப் பக்கத்து மண் சாம்பல் நிறக் களிமண். காய்ந்தால் சிமெண்ட், நனைந்தால் வெண்ணெய். மழை பெய்தால் யாரும் வண்டியை எடுக்க மாட்டார்கள். எங்கே இருக்கிறார்களோ அங்கேயே அடுப்பு மூட்டி, ஒரு பகலோ இரண்டு பகலோ, ரோடு காய்வதற்குக் காத்திருப்பார்கள். பொறுக்காமல் கிளம்புகிறவன் ஒருவேளை தப்பித்துப் போய்விடலாம். ஆனால் அவன் சக்கரம் அறுத்த பள்ளம் காய்ந்து கல்லாகி, ஒரு பருவம் முழுக்க மற்றவர்களின் அச்சை முறிக்கும். சாதுவான வெர்ல் வாய்விட்டுத் திட்டியது அப்படிப்பட்டவர்களை மட்டும்தான். "அடுத்தவன் வீட்டுக்குள்ள சேத்துக்காலோட நடக்குற ஜென்மங்க," என்பார்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு திங்கட்கிழமை கிளம்பினார்கள். பிரைஸ் பள்ளத்தாக்கின் விளிம்பில் ஆரஞ்சுத் தூண்கள் ஆயிரக்கணக்கில் நின்றன. ஜனங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெர்ல் திரும்பி நின்று வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்தார்.

"தண்ணி வடிய சரிவு வைக்கல பாரு. குளிர்காலத்துல இது ஐஸ்கட்டி ஆகும்."

"வெர்ல், முதுகுப் பக்கம் திரும்பு."

திரும்பினார். விளிம்பு வரை போய் எட்டிப் பார்த்தார். பிறகு, "நம்ம வீட்டுப் பாறை கொஞ்சம் மட்டம்தான்," என்று ஒப்புக்கொண்டார்.

கேபிட்டல் ரீஃப் பழத்தோட்டத்தில் மரத்திலிருந்தே பீச் பறித்துத் தின்றார்கள். மிச்சத்தைக் கனத்த இரும்புச் சட்டியில் மாவோடு போட்டு, மூடியின் மேலும் சட்டியின் அடியிலும் தணல் வைத்து வேகவிட்டாள். மறுநாள் காலை அவர் முதன்முறையாக அவள் கண்முன்னே காபி போட்டார். கோப்பையை நீட்டி, "குடிக்க வேண்டாம். மோந்து மட்டும் பாரு," என்றார். அவள் முகர்ந்தாள். நன்றாகத்தான் இருந்தது. சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, வெர்லுடைய ரோட்டுக்கு வந்தார்கள். எல்லைக் கம்பியில் வண்டியை நிறுத்தி, "இங்கதான் திரும்புவேன்," என்றார். பிறகு, புது வீட்டுக்குள் நுழைகிறவர் போல, மெதுவாகத் தாண்டி ஓட்டினார். ரோடு முடியும் இடத்தில் கோயில் கோபுரங்கள் மாதிரி செம்பாறைகள் தனித்தனியாக நிற்கும் பள்ளத்தாக்கு இருப்பதாக எல்லாரும் சொல்வார்கள். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் மேகம் இறங்கிவிட்டது. கூடாரம் அடிக்கும்போதே மழை. எதிரே வெள்ளையாக ஒரு சுவர்தான் தெரிந்தது.

சனிக்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. மேகம் விடவில்லை. வெர்ல் ரோட்டில் இறங்கிப் பத்தடி நடந்தார். பூட்ஸுக்கு அடியில் களிமண் தட்டுத் தட்டாக ஒட்டிக்கொண்டு அவரைச் சற்று உயரமாக்கியது. திரும்பி வந்தார்.

"நாளைக்குக் காஞ்சிடும். மேகமும் கலைஞ்சிடும்."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை."

"தெரியும்."

"வாக்கு குடுத்திருக்க, வெர்ல்."

அவர் ரோட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வேறு எந்த ஆணாக இருந்தாலும் ஒரு சத்தம் போட்டிருப்பான். வெர்ல் சேற்றில் வழுக்காமலிருக்கச் சக்கரங்களைச் சுற்றிச் சங்கிலி பூட்டினார்.

வண்டி நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்தது. பக்கத்துக் கண்ணாடியில் நெட்ரா பின்னால் பார்த்தாள். இரண்டு ஆழமான பள்ளங்கள், ஏர் பூட்டி உழுததுபோல, அவர்களைத் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தன. வெர்ல் கண்ணாடிப் பக்கம் பார்வையைத் திருப்பவே இல்லை. தார் ரோடு வந்ததும் இறங்கி, ஒரு குச்சியால் சக்கரத்துச் சேற்றைச் சுரண்டினார். சுரண்டிக்கொண்டே இருந்தார். அவள் இருக்கையை விட்டு இறங்கவில்லை. மறுநாளைய பாட்டுகளைத் தொடைமேல் விரல்களால் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பிழையில்லாமல் வாசித்தாள். முடிந்ததும் பிஷப்பின் மகள் ஜோலீன் வந்தாள். "நீங்க வர மாட்டீங்கன்னு நெனச்சு வாரம் பூரா பழகி வச்சிருந்தேன், சிஸ்டர் ஆல்ரெட்," என்றாள். முகம் வாடியிருந்தது. "இன்னொரு நாள் வாசிக்கலாம்மா," என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு வந்தாள் நெட்ரா.

அடுத்த வாரம் பர்கர் கடையில், மாடு வளர்க்கும் ரூலன் அவர்கள் மேசைக்கு வந்தான்.

"வெர்ல், உன் ரோட்டைப் பாத்தியா? எவனோ உழுதுட்டுப் போயிருக்கான். உருளைக்கிழங்கு நட வேண்டியதுதான் பாக்கி."

"பாத்தேன்."

"கலிஃபோர்னியாக்காரனாத்தான் இருக்கும். நம்ம ஊர்க்காரனுக்கு அந்தப் புத்தி வருமா?"

"வராது," என்றார் வெர்ல்.

நான்தான் கிளம்பச் சொன்னேன் என்று சொல்ல நெட்ராவுக்கு ஒரு நொடி போதும். அவள் ஸ்ட்ராபெர்ரி ஷேக்கைக் கலக்கிக்கொண்டிருந்தாள். அந்த நொடி போய்விட்டது. வெர்ல் அந்தக் கடைக்கு அப்புறம் போகவில்லை. கேட்டால் வறுவல் எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்.

இலையுதிர் காலத்தில் அவர் நுரையீரல் கைவிட்டது. மூக்கில் குழாய், கட்டில் பக்கத்தில் உறுமும் ஆக்ஸிஜன் பெட்டி. மின்சாரத்தை விட்டுத் தூரம் போகக் கூடாது என்றார் டாக்டர். பிப்ரவரியில், ரோடெல்லாம் பனி மூடிக் கிடந்தபோது, அவர் போய்விட்டார். ஜோலீன்தான் ஆர்கன் வாசித்தாள். நன்றாக வாசித்தாள். நெட்ரா முன்வரிசையில் அமர்ந்து, அந்தப் பெண்ணின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோடையில் ஒருமுறை, தார் ரோடு முடிகிற இடம் வரை வண்டியை ஓட்டிப் போனாள். எஞ்சினை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினாள். அதைத் தாண்டிப் போனதில்லை.

அவர் இருந்தபோதே அவள் போயிருக்கலாம். அக்டோபரில், மான் வேட்டைக்காரர்கள் ஊரைக் காலிசெய்து போன பிறகு, வெயில் அடித்த ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவர் கேட்டார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று போர்வையை இழுத்துவிட்டாள் அவள். கேட்டது இவ்வளவுதான்:

"நெட்ரா, எனக்காக ஒண்ணு பண்ணுவியா? ரோடு காஞ்சிருக்கு. வேலைக்கு வந்த புது ஆள் பள்ளத்தையெல்லாம் மூடிட்டானாம். நாளைக்கு நீ மட்டும் போ. ரூலன் பொண்டாட்டி என்னைப் பாத்துக்குவா. அங்கேயே தங்கு. ஞாயித்துக்கிழமை காலையில அந்தப் பாறையெல்லாம் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்து, எனக்குச் சொல்லு."