கருவாட்டுப் பாய்க்குப் பக்கத்தில் ஒரு கதிரை

கொக்கிளாய் செபமாலைக்கு வயது ஐம்பத்திரண்டு. இரவில் களப்பில் இறால் பிடிப்பார். பகலில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார். இடுப்பும் தொடையும் உளைந்து வள்ளத்தில் ஏற முடியாமல் போன பிறகுதான் வைத்தியரிடம் போனார். வைத்தியர் இரத்தத்தைச் சோதித்து, விற்றமின் டி குறைவு என்று குளிசை கொடுத்தார். காலை வெயிலில் இருக்கவும் சொன்னார்.

“கடற்றொழில் செய்யிறவனுக்கு வெயில் காணாதாம்,” என்று வீட்டில் வந்து முறையிட்டார்.

“நீங்கள் எப்ப வெயிலைக் கண்டனீங்கள்? உந்தக் கருவாடெல்லோ கண்டது,” என்றார் மனைவி மார்கிறட்.

மறுநாள் காலை முற்றத்தில் கருவாடு காயும் பாயின் பக்கத்தில் கதிரை போட்டு, சட்டையைக் கழற்றச் சொல்லி, அவரையும் காயவைத்தார்.

“சும்மா இராமல் காகத்தைக் கலையுங்கோ,” என்று தடியையும் கையில் கொடுத்தார்.

மூன்று மாதத்தில் செபமாலை பழையபடி வள்ளம் ஏறினார். காலையில் அவர் இருக்கும் கதிரையை மட்டும் மார்கிறட் எடுக்கவில்லை. காகத்துக்கு ஒரு மீனும் கிடைக்கவில்லை.