நான் மொழிபெயர்த்த வலி

ஒருவர் தன் நெஞ்சு வலிக்கிறது என்று என்னிடம் தமிழில் சொன்னார். டொக்டரிடம் நான் அதைச் சிங்களத்தில் சொன்னபோது, வலி குறைந்துவிட்டதாம் என்று சொன்னேன். அன்று பின்னேரம் அவர் செத்துப்போனார்.

இவ்வளவுதான் என் குற்றம். தெரியாமல் செய்ததா? இல்லை! எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். அந்த ஆஸ்பத்திரி வாட்டில் இரண்டு பாஷையும் தெரிந்த ஒரே ஆள் நான்தான்... அதுதான் வினையாயிற்று.

நீங்கள் அப்போது என்னைப் பார்த்திருந்தால் இவனா என்பீர்கள். நாற்பத்தாறு வயது, பாதி வழுக்கை, கண்டியில் ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை. குடும்பம் நாவலப்பிட்டியில், கிழமை நாட்களில் நான் கண்டி லொட்ஜ் ஒன்றில். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் “அந்த ஆள் வந்திட்டாரா?” என்று தேடுவார்களே, எல்லோரையும் சிரிக்கவைக்கும் அந்தப் பகிடிக்காரன் நான்.

அந்த வருஷங்களில் எங்கும் ஒரே விவாதம். மருந்துகளின் விலை ஏறிக்கொண்டிருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே துண்டு எழுதிக் கொடுத்து வெளியே வாங்கிவரச் சொன்னார்கள். இனி இலவச வைத்தியம் கட்டுப்படியாகாது, காசு கட்டும் வாட்டுகள் திறக்க வேண்டும் என்று ஒரு கட்சி. வசதியுள்ளவன் கட்டட்டும், அந்தக் காசில் ஏழைக்கு மருந்து வாங்கலாம் என்பது அவர்கள் நியாயம். இன்றைக்கு ஒரு வாட்டு என்பார்கள், நாளைக்கு முழு ஆஸ்பத்திரியும் போய்விடும் என்று மறு கட்சி.

எங்கள் தொழிற்சங்கம் மறு கட்சி. அதன் நட்சத்திரப் பேச்சாளன்... வேறு யார்! கழுத்தில் சைக்கிள் டியூப்பை டொக்டரின் குழாய்போலத் தொங்கவிட்டுக்கொண்டு மேடையேறுவேன். “நாக்கை நீட்ட அஞ்சு ரூபா! நீட்டின நாக்கை உள்ளே இழுக்கப் பத்து ரூபா!” மண்டபம் குலுங்கும். கடைசியில் குரலை இறக்கி, “உயிருக்கு விலை எழுதாதீர்கள்” என்பேன். சிலர் கண்ணைத் துடைப்பார்கள்.

என் உயிர் என்று வந்தபோது மட்டும், விலை என்னவென்றுகூடக் கேட்காமல் காசை நீட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கெலிஓயாவில் நண்பர் ஒருவரின் மகள் நிக்காஹ். ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சஹன் தட்டில் நான் மூன்று பேரின் பங்கைக் கவனித்துக்கொண்டேன். மறுநாள் கந்தோரில் இடப்பக்கம் ஒரு குத்து! பக்கத்து மேசைக்காரர் “வெறும் வாயுதான், பெருங்காயம் போடுங்க” என்றார். அவரை ஒரு கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். என் பிரேதப் பெட்டியை யார் யார் தூக்குவார்கள் என்று மனதுக்குள் ஆள் பிரித்தேன். உயரம் ஒத்துவரவில்லை, பெட்டி சரிந்துவிடும் என்று அதற்கும் சேர்த்துப் பயந்தேன்.

கண்டியில் எல்லோருக்கும் தெரிந்த சூட்சுமம் ஒன்று உண்டு. காலையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்க்கும் பெரிய டொக்டர், பின்னேரம் தனியார் இடத்தில் காசுக்குப் பார்ப்பார். சனல் பண்ணுவது என்போம். அங்கே காசு கட்டினால் அவர் ஒரு துண்டு எழுதித் தருவார். அந்தத் துண்டோடு போனால் இலவச ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்கும். எந்த வழக்கத்தை மேடையில் கிழித்தேனோ, அதே வழக்கத்தின் துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அன்று மாலை வாட்டுக்குள் நுழைந்தேன்.

இருதய வாட்டில் மெஷின் பூட்டிய கட்டில்கள் நாலே நாலு. ஒன்று எனக்கு.

என் கட்டிலுக்குக் கீழே, பாயில், ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த சின்னையா. ஐம்பது வயதிருக்கும். தோட்டத்து லொறியில், தோட்ட மருந்தகத்தின் கடிதத்தோடு மத்தியானமே வந்து சேர்ந்தவர். அவர் மனைவி அங்கம்மா தலைமாட்டில் குந்தியிருந்தாள். அடுத்த பாயில் ஒரு கம்பளைக்காரர்.

“இந்தக் கட்டிலு காலியாகுதுன்னு நர்ஸ் மிஸ்ஸி கையால காட்டுனாங்க. அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க” என்றாள். உடனே என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பரவால்லங்கய்யா, ஒங்களுக்கும் நெஞ்சுதானே” என்றாள்.

நீங்களே சொல்லுங்கள், அப்போதாவது எழுந்திருக்க வேண்டாமா?

நான் பகிடி விட்டேன். வேறென்ன தெரியும் எனக்கு? “அண்ணே, கட்டில்ல இருந்து உருண்டா விழணும், பாயில உருண்டா புரளத்தான் செய்யணும். நீங்கதான் கெட்டிக்காரரு!” சின்னையா நெஞ்சைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். “கிளாக்கரையா பேசுறத கேட்டா நோவு தெரியலீங்க” என்றார்.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, இளம் டொக்டர் ஒருவர் என்னைப் பரிசோதித்தார். ஒன்றுமில்லை, வாயுத்தொல்லைதான், நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார். என் இருதயம் கல்லுப்போல இருக்கிறதாம்! அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பிறகுதான் தெரிந்தது.

புதன் காலையில் சாப்பாடு கொண்டுவருபவர்களை உள்ளே விடும் நேரம். லொட்ஜில் என் பக்கத்து அறை சிவநாதன், யாழ்ப்பாணத்துப் பொடியன், முகம் வெளிறி வந்து நின்றான்.

“அண்ணை, கொழும்பிலை குண்டு வெடிச்சதெல்லோ, எங்கட லொட்ஜையும் பொலிஸ்காரர் சுத்தி வளைச்சிட்டாங்கள். நாலு பேரை ஏத்திக்கொண்டு போட்டாங்கள்.”

“நீ எப்படித் தப்பினே?”

“நான் வேலையிலை நிண்டனான். உங்கட அறையையும் திறந்து பாத்தவங்களாம். ஆள் எங்கை எண்டு கேக்க, லொட்ஜ்காரர் ஆஸ்பத்திரியிலை, ஹார்ட் அட்டாக் எண்டு சொல்லிப்போட்டார். ரெண்டு மூண்டு நாளைக்கு அங்காலை வராதையுங்கோ. ஆக்கள் திரும்பி வரட்டும்.”

இனி என் பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது வெறும் பயமல்ல, அனுபவம் முதிர்ந்த பயம். எண்பத்துமூன்றில் தமிழரைத் தேடித் தேடி அடித்த ஆடிக் கலவரத்தில் அலுமாரிக்குள் அரை நாள் மடங்கிக் கிடந்தவன் நான். அதற்குப் பிறகு ஒரு தடவை, அடையாள அட்டையில் நாவலப்பிட்டி விலாசம் இருக்கிறது, கண்டியில் என்ன வேலை என்று பொலிசில் இரண்டு நாள் இருத்தி வைத்தார்கள். அந்த இரண்டு நாளும் என் வாயில் ஒரு பகிடிகூட வரவில்லை. லொட்ஜில் தங்கும் தமிழர் பெயரைப் பொலிசில் பதிய வேண்டும்; லொட்ஜ்காரர் இன்னும் என் பெயரைப் பதியவில்லை. வெளியே போனால் பிடிப்பார்கள். இந்தக் கட்டிலில் கிடந்தால் நான் இருதய நோயாளி!

மெஷின் வயர்களை மார்போடு இழுத்துப் போர்த்திக்கொண்டேன். நாவலப்பிட்டிக்கு பஸ் ஏறியிருக்கலாம்தான்... வழியில் எத்தனை சோதனைச்சாவடி என்று எண்ணிப் பார்த்தேன். கால் தரையில் இறங்க மறுத்தது.

பத்து மணிக்கு இளம் டொக்டர் வந்தார். பின்னால் சிஸ்டர். எப்படி இருக்கிறது என்று கேட்டார். நெற்றியைச் சுருக்கி, மேடையில் கற்ற வித்தையெல்லாம் காட்டி, இன்னும் இழுக்கிறது என்றேன். அவர் நம்பவில்லை. ஆனாலும் பெரிய டொக்டரின் துண்டு என் கோப்பில் இருந்தது.

பிறகு குனிந்து சின்னையாவைச் சிங்களத்தில் கேட்டார். அவர் மலங்க மலங்க விழித்தார். டொக்டர் என் பக்கம் திரும்பினார்.

“இவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். வலி இன்னும் இருக்கிறதா, எங்கே வலிக்கிறது? அதிகமாக இருந்தால் உங்களை இறக்கிவிட்டு இவரை மெஷினில் போட வேண்டும்.”

கள்ளமில்லாத மனிதர். எனக்கு எது லாபம் என்பதை என்னிடமே விளக்கிவிட்டு, என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார்.

நான் கேட்டேன். “அண்ணே, வலி எப்படி இருக்குன்னு கேக்குறாரு.”

“மாருல அம்மிய தூக்கி வச்ச மாதிரி இருக்குங்கய்யா. இந்தா, இந்தக் கையி வரைக்கும் இழுக்குது. காலையிலருந்து ரொம்பக் கூடங்க.”

நான் நிமிர்ந்தேன். டொக்டர் பேனையோடு காத்திருந்தார். எவ்வளவு நேரம் யோசித்தேன் என்கிறீர்கள்? யோசிக்கவே இல்லை! வாய் தானாகத் திறந்தது. நேற்றைவிட இன்று ஹொந்தாய் என்கிறார், என்றேன்.

ஹொந்தாய். நல்லது. தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த சிங்களச் சொல். அதைக் கேட்டதும் சின்னையாவின் முகம் சட்டென்று மலர்ந்தது.

“ஹொந்தாய்ங்கிறாரா டாக்டரு? நல்லா இருக்கேனாங்க?”

என்ன நடந்தது என்று புரிகிறதா உங்களுக்கு? நான் சொன்ன பொய்யை அவர் டொக்டரின் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டார்.

“ஆமாண்ணே. நல்லா இருக்கீங்களாம்” என்றேன்.

ஈசிஜி மெஷின் வேறு வாட்டுக்குப் போயிருந்தது. பின்னேரம் எடுக்கலாம் என்று எழுதிவிட்டு டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். மத்தியானம் அங்கம்மா வந்ததும் சின்னையா முதலில் சொன்னது அதைத்தான். “நல்லா இருக்கேனாம் புள்ள. டாக்டரே சொல்லிட்டாரு.” அவள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அந்த மத்தியானம் முழுக்க அவர் வலியைச் சொல்லவே இல்லை. நல்லா இருக்கீங்க என்று டொக்டர் சொன்ன பிறகு, வலிக்கிறது என்பது மரியாதையில்லை என்று நினைத்தாரோ... வியர்த்துக்கொண்டே இருந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிஸ்டரைக் கூப்பிடலாம். இரண்டு தடவை வாயைத் திறந்தேன். ஒரு தடவை கொட்டாவி விட்டேன். இன்னொரு தடவை தண்ணீர் கேட்டேன்.

மூன்று மணிக்குப் பிறகு அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். ஓடிவந்தார்கள். மெஷினுக்காக என் வயர்களைக் கழற்றினார்கள். அப்போதுதான் கட்டிலை விட்டு இறங்கினேன்... எவ்வளவு சுறுசுறுப்பாக இறங்கினேன் தெரியுமா! அவரைத் தூக்கி அதில் கிடத்தினார்கள். அவருக்கு அது தேவைப்படவில்லை.

உடனே கட்டிலில் போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. போட்டிருந்தாலும் போயிருப்பார் என்று எனக்கு நானே ஆயிரம் தடவை சொல்லியாயிற்று. அதுவும் ஒரு மொழிபெயர்ப்புத்தானே!

குற்றம் இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த மாதம் சங்கக் கூட்டம். டியூப்பை எடுத்துப் போகவில்லை. சின்னையாவின் கதையைச் சொன்னேன். மெஷின் கட்டிலில் காசு கட்டிச் சனல் பண்ணிய ஒரு கனவான், கீழே பாயில் ஒரு தோட்டத் தொழிலாளி! “கனவானுக்கு என்ன வருத்தம் தெரியுமா தோழர்களே? வாயு!” என்றேன். சிரித்தார்கள். “தொழிலாளி செத்துப்போனான்” என்றேன். அழுதார்கள். அந்தக் கனவானின் பெயரைச் சொல்லச் சொல்லி ஒருவர் பின்வரிசையிலிருந்து கத்தினார். பெயரா முக்கியம், முறையல்லவா முக்கியம் என்று சமாளித்தேன். அதற்கும் கைதட்டினார்கள்.

காசு கட்டும் வாட்டு கூடாது என்பதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை. நான் சொன்ன வாதம் சரியானதுதான். சொன்ன வாய்தான்...

சில மாதங்கள் கழித்து அங்கம்மா என் கந்தோருக்கு வந்தாள். எந்தக் கடுதாசி வேலையென்றாலும் என்னிடம் வாங்க என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தேன். மரணச் சான்றிதழ் சிங்களத்தில் இருந்தது. தோட்டக் கந்தோருக்கு ஒரு மனு வேண்டும். எழுதினேன். என் கையெழுத்து அன்று அழகாக வந்தது.

கதிரை நுனியில் உட்கார்ந்து அவள் கேட்டாள். “ஐயா, தோட அடகு வச்சு அந்தப் பெரிய டாக்டர சனல் பண்ணியிருந்தா அவரு பொழச்சிருப்பாருங்களா?”

“அப்படியெல்லாம் நெனைக்காதம்மா.”

“இல்லீங்க. காதுல கெடந்துச்சு. கழட்ட எனக்குத் தோணல.” தோட்டைத் தொட்டுக்கொண்டு சொன்னாள். “ஹொந்தாய்னு டாக்டரு சொன்னதா அவரு சொன்னாரு. கூடப் படுத்திருந்த கம்பளைக்காரரு, ஹொந்தாய்னு சொன்னது நீங்கன்னாரு.”

நான் மனுவை மடித்தேன். ஓரம் பொருந்தவில்லை. பிரித்து மறுபடி மடித்தேன்.

“எனக்கும் இப்ப அப்பப்ப மாருல புடிக்குதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும். வலிக்குதுங்கிறதுக்குச் சிங்களத்துல என்னாங்கய்யா?”

“ரிதெனவா.”

“ரிதெனவா” என்றாள். இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மனுவை வாங்கி மடியில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

வாசலில் எங்கள் பியோன், சிங்களவர், ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அங்கம்மா அவர் முன்னால் நின்றாள். தன் நெஞ்சில் கையை வைத்து, முகத்தைச் சுளித்து, “ரிதெனவா?” என்று கேட்டாள். அவர் பதறி எழுந்து, “ஓ, ஓ, ரிதெனவா... வலி, அம்மே, வலி” என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

அவள் தலையாட்டினாள். என் பக்கம் திரும்பாமல் படியிறங்கிப் போனாள்.

பியோன் என் மேசைக்கு வந்து, அந்த அம்மாவுக்கு என்ன வருத்தம் என்று கேட்டார். நான் ஒரு பகிடி சொன்னேன். என்ன பகிடி என்று கேட்காதீர்கள்... அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.