கழற்றாமல் விட்ட கம்பி

மேல்மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது முதல் இடி கேட்டது. மணி நாலு இருக்கும். எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். நான் கீழே நம் லயத்து வீட்டு வரிசையைப் பார்த்தேன். அதில் நம் வீடான காம்பராவின் ஜன்னலிலிருந்து சவுக்கு மரத்துக்கு நான் இழுத்துக் கட்டிய ரேடியோக் கம்பி அவ்வளவு தூரத்துக்குத் தெரியாது. மரம் தெரிந்தது. அதன் தலைக்கு மேலே கறுத்துக் கிடந்த மேகமும் தெரிந்தது.

கம்பியின் மறுமுனை ரேடியோவில் இருந்தது. ரேடியோவுக்குப் பக்கத்தில் உங்கள் அம்மா இருந்தாள்.

நீங்கள் இரண்டு பேரும் அப்போது பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தீர்கள். அம்மா கொழுந்து பறிக்கும்போது கால் பிசகி ஒரு வாரமாக வீட்டில் இருந்தாள். பொழுது போகட்டும் என்று நான்தான் ரேடியோவைக் கேட்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் எனக்குச் சிற்றலை ரேடியோப் பைத்தியம் உண்டு. பிறகு அதெல்லாம் விட்டுப் போச்சு. போன மழையில் நாலு நாள் போன் செத்துக் கிடந்தது. உலகத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் பழைய ஆசை திரும்பியது. பதுளை பசாரில் ஒரு பழுது பார்க்கும் கடையில், கையில் தூக்கிப் போகிற மாதிரிச் சின்ன ரேடியோ ஒன்று பழையதாகக் கிடைத்தது.

எல்லாரும் நானா என்று கூப்பிடும் அந்தக் கடைக்காரர் கம்பிச் சுருள் ஒன்றையும் கையில் கொடுத்து ஒரு வார்த்தை சொன்னார்.

"மழை இருட்டினா மொதல்ல கம்பியக் கழட்டி வெளிய வீசிடுங்க. ரேடியோ போனா இன்னொண்டு தாரேன். ஆளு போனா நான் எங்க போய் எடுக்கிற?"

சிரித்துவிட்டு வந்தேன்.

தகரக் கூரைக்குக் கீழே ரேடியோ வெறும் இரைச்சலாக இருந்தது. அதன் சொந்த ஏரியல் குச்சியை முழுசாக இழுத்துப் பார்த்தும் ஒன்றும் இல்லை. அம்மா அடுப்படியிலிருந்து, "இதுக்கா காசு குடுத்தீங்க? ஈர வெறக அடுப்புல வச்சா இதவிட நல்லாப் பாடும்" என்றாள். நான் விடவில்லை. முப்பதடிக் கம்பியை மரத்தில் கட்டி, உள்ளே வந்த முனையை ஒரு கிளிப்பால் ஏரியலில் கவ்வ விட்டேன். எங்கோ தூர தேசத்திலிருந்து தமிழ்க் குரல் ஒன்று வந்து அறைக்குள் நின்றது. குரல் தேயும்போது ஏரியலைக் கையால் பிடித்தால் தெளியும் என்று அம்மாவுக்குக் காட்டினேன். அவளும் பிடித்துப் பார்த்துச் சிரித்தாள்.

ஆனால் லயத்து வாசலில் ஒரு கம்பி ஓடினால் அது துணி காயப்போடத்தானே? மறுநாளே அம்மா உங்கள் சட்டைகளை அதில் போட்டுவிட்டாள். கம்பி தொய்ந்து குரல் போய்விட்டது. பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லாம் பார்க்க, "கம்பியில கை வைக்காத!" என்று கத்திவிட்டேன்.

"சத்தியமா இனிமே ஒங்க கம்பியத் தொட மாட்டேன்" என்றாள். அம்மா சத்தியம் செய்தால் செய்ததுதான்.

நானா சொன்னதை மட்டும் அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் கம்பியையே கட்டவிட மாட்டாள் என்ற பயம்.

இரண்டாவது இடியில் கங்காணி, "கத்தியக் கீழ போட்டுட்டு எறங்குங்கடா!" என்று கத்தினார். மற்றவர்கள் ரோட்டுப் பக்கம் போனார்கள். நான் வெட்டிய மிலார்க் குச்சிகளுக்கு நடுவே நேராகக் கீழே ஓடினேன். கை கால் எல்லாம் கீறிக்கொண்டது தெரியவில்லை. மின்னல் வெட்டும்போதெல்லாம் இடி வருமட்டும் எண்ணினேன். முதலில் ஏழு வரை எண்ண முடிந்தது. குளத்தடியில் நாலு. லயத்துக்குக் கிட்ட வந்தபோது இரண்டு.

தண்ணீர் விழும் பீலிக்கரையில் குடத்தோடு நின்ற பக்கத்துக் காம்பராத் தங்கச்சி, "என்னண்ணே இந்த ஓட்டம்? ரேடியோவுல ஒங்களக் கூப்பிட்டாங்களா?" என்றாள். நிற்காமல் ஓடினேன். அதற்குள் மழை கொட்டியது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

ஜன்னலால் பார்த்தேன். அம்மா காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு கை ஏரியலை இறுக்கிப் பிடித்திருந்தது.

கதவுப் பக்கம் சுற்றி ஓட நேரமில்லை. கம்பியை நானும் தொடக்கூடாது. துணிக்கொடிக்கு முட்டுக் கொடுக்கிற கவட்டுக் கம்பு இறவாரத்துக்குக் கீழே நனையாமல் சாய்ந்திருந்தது. அதை எடுத்துக் கம்பியில் மாட்டி, ஒரே இழுவையாக இழுத்தேன். கிளிப் தெறித்து, கம்பி வெளியே சேற்றில் போய் விழுந்தது.

வெளிச்சமும் இடியும் ஒன்றாக வந்தன. இந்தத் தடவை எண்ண ஒன்றுமில்லை. லயம் முழுக்கப் பிள்ளைகள் அலறின. எங்கே விழுந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் பார்த்தபோது மரத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

நான் உள்ளே ஓடியபோது அம்மா இயர்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினாள்.

"ஏன் புடுங்குனீங்க? இப்பத்தான் செய்தி ஆரம்பிச்சுச்சு."

"ஏரியல எதுக்குப் புடிச்சுக்கிட்டு இருந்த?"

"கம்பியத்தான் தொடக்கூடாதுன்னீங்க. இதப் புடிச்சா தெளியும்னு நீங்கதான காட்டுனீங்க? படபடன்னு ஒரே சத்தம். அதான் இறுக்கிப் புடிச்சேன்."

அந்தப் படபடப்பு முழுக்க மின்னல். மின்னல் நெருங்க நெருங்க அவள் பிடியும் இறுகியிருக்கிறது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நானா சொன்னதை அப்போதுதான் சொன்னேன்.

அவள் ரேடியோவை நிறுத்தினாள். பிறகு, "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"சொல்லியிருந்தா கட்ட விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்."

அதற்கு மேல் அன்றைக்கு அவள் என்னோடு பேசவில்லை. நீங்கள் நனைந்து வந்து, அம்மாவுக்கு என்ன என்று கேட்டீர்கள். ரேடியோ பழுதாகிவிட்டது, அதுதான் கோபம் என்றேன். அது பொய். ரேடியோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிழை என்னிடம்தான் இருந்தது. இதை எழுதுவதே அதைச் சொல்லத்தான்.

கால் சரியானதும், வீட்டைவிட்டுத் தள்ளி இருக்கிற வேலிக் கம்பத்தில் அம்மா தன் கையாலேயே ஒரு ஆணி அடித்தாள். ரேடியோ கேட்காத நேரமெல்லாம் கம்பியின் முனை அந்த ஆணியில்தான் தொங்க வேண்டும். காலையில் நான் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் புறப்படும்போது வாசலுக்கு வந்து அதைப் பார்க்கிறாள். பார்த்த பிறகுதான் தேத்தண்ணியைக் கையில் தருகிறாள்.