வாசனை இல்லாத சரக்கு

போன சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டு ஜன்னல்களை எல்லாம் சாத்தினேன்.

தூத்துக்குடியில், சித்திரை மாதத்தில், வெளிச்சம் இருக்கும்போதே ஜன்னலைச் சாத்துகிறவன் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் குற்றவாளியாக இருக்க வேண்டும். நான் இரண்டாவது ரகம். மேஜை மேல் ஒரு பாட்டில் ஓட்கா இருந்தது.

மதுவிலக்கு திரும்பி வந்துவிட்ட காலம் இது. பாட்டில் வைத்துக்கொள்ள பர்மிட் வேண்டும். பர்மிட் வேண்டுமென்றால், ‘இவர் குடிக்காவிட்டால் இவர் உடம்புக்கு ஆகாது’ என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். அந்த அந்தஸ்து எனக்கு இன்னும் வரவில்லை.

பாட்டில் எப்படி வந்தது? கஸ்பார் கொண்டுவந்தான். பக்கத்துத் தெரு, கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலை, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன். துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களில் ஏறி, கையெழுத்து வாங்கி, இறங்கி வருவான். அன்றைக்கு ஒரு ருஷ்யக் கப்பலின் என்ஜினீயர் அவனைக் கட்டிப் பிடித்து, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, இந்தப் பாட்டிலையும் கொடுத்திருக்கிறார். வீட்டுக்குப் போனால் முத்தம், பாட்டில் இரண்டையும் பற்றி அவன் மனைவி விசாரிப்பாள் என்பதால் நேரே என்னிடம் வந்துவிட்டான். என் மனைவி சரோஜா விளாத்திகுளத்தில் தங்கையின் வளைகாப்புக்குப் போயிருந்தாள்.

லேபிளைப் பார்த்தேன். முதலில் இங்கிலீஷ் ‘பி’ மாதிரி ஒன்று, அப்புறம் ‘ஓ’, அப்புறம் ஒரு முக்காலி, அப்புறம் ‘கே’, ‘ஏ’. இதற்குப் பெயர் ஓட்கா என்பதற்குக் கஸ்பாரின் வாய்வார்த்தையைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. மூடிகூட அதன் சொந்த மூடி இல்லை. ஏதோ இருமல் மருந்து பாட்டிலின் கார்க்.

அதையெல்லாம் யார் யோசித்தார்கள்? எனக்குப் படிப்பு ஒரு வியாதி. பல் டாக்டர் வீட்டில் காத்திருக்கும்போது ஒரு பழைய இங்கிலீஷ் பத்திரிகையில் ‘வீட்டிலேயே கலக்கலாம் ஓட்கா காக்டெயில்’ என்று ஒரு கட்டுரை படித்திருந்தேன். ஆரஞ்சுச் சாறில் கலப்பது ஒன்று. நம் ஊரில் ஆரஞ்சு என்பது காய்ச்சல்காரனைப் பார்க்கப் போகும்போது வாங்குவது. இன்னொன்றுக்கு ஐஸ் மலை மாதிரி வேண்டும். மூன்றாவதுதான் கண்ணைத் திறந்தது — தக்காளிச் சாறு, எலுமிச்சம்பழம், உப்பு, மிளகுத்தூள், ஓட்கா. வெள்ளைக்காரன் தாளிக்க மறந்த ரசம்!

தக்காளியைப் பிசைந்தேன். வடிகட்டினேன். மிளகை நுணுக்கினேன். ஓட்காவை ஊற்றி, கரண்டிக் காம்பால் கலக்கி, இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் வைத்தேன்.

“இதுக்குப் பேரு என்ன அண்ணாச்சி?” என்றான் கஸ்பார்.

“பிளடி மேரி.” அதோடு நிறுத்தியிருக்கலாம். படித்தவன் அல்லவா... “அதாவது, ரத்த மேரி.”

கஸ்பார் கையிலிருந்த டம்ளர் மேஜைக்குத் திரும்பியது. நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் — சிலுவை போட்டுக்கொண்டான்.

“என்ன பேரு சொல்லுதிய அண்ணாச்சி! எங்க ஆளுவ கடல்ல எறங்குததே மாதா பேரச் சொல்லித்தான். அதப் போயி சாராயத்துக்கு வச்சிருக்கியள!”

“நானா வச்சேன்? இது அந்த மேரி இல்லப்பா. இங்கிலாந்துல ஒரு ராணி.”

“எந்த மேரியா இருந்தா என்ன? கூப்பிட்டா திரும்பிப் பாக்குதது எங்க மாதாதான!”

“சரி, தக்காளி சர்பத்னு வச்சுக்குவோம்” என்றேன். எனக்காக இரண்டு மடக்கு மட்டும், மருந்து குடிப்பது மாதிரி குடித்தான். நான் ஒரு டம்ளர் குடித்தேன். ருசி பிடிபடவில்லை. பிடிபடுவதற்காக இன்னொரு டம்ளர் குடித்தேன்.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

போலீஸ் எப்படித் தட்டும் என்று எனக்குத் தெரியாது. அதனால் எல்லாத் தட்டலும் போலீஸ் தட்டல்தான். பாட்டில் அரிசி டின்னுக்குள் போனது. கஸ்பார் கதவுக்குப் பின்னால் போனான். திறந்தால்... மாடி வீட்டுக் கம்பவுண்டர் சண்முகம் அண்ணாச்சி. பேப்பர் கேட்டு வந்திருந்தார்.

“என்னவே, வீட்டைச் சாத்திப் போட்டு உள்ள வெந்துக்கிட்டு கெடக்கீரு?”

டம்ளரைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் கஸ்பாரின் காலைப் பார்த்தார். பயந்தால் உண்மையைச் சொல்லிவிடுகிற ஆள் கஸ்பார். “ருஷ்யாச் சரக்கு அண்ணாச்சி... கப்பல்ல தந்தாவ” என்று கதவுக்குப் பின்னாலிருந்தே வாக்குமூலம் கொடுத்துவிட்டான்.

“எங்க, பாட்டில எடும்.”

எடுத்தேன். கார்க்கைப் பிடுங்கி மோந்து பார்த்தார். மறுபடி மோந்து பார்த்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து மோந்து பார்த்தார். அவர் முகம் மாறிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

“வாசனை எங்கவே?”

“ஓட்காவுக்கு வாசனை கெடையாது அண்ணாச்சி. அதுதான் அதோட விசேஷமே.”

“எவன் சொன்னான்? சாராயம்னா நாலு வீடு தள்ளி மூக்குல ஏறணும். வாசனை இல்லன்னா, எவனோ வாசனைய எடுத்திருக்கான்னு அர்த்தம். எதுக்கு எடுக்கான்? இதுக்கு மூடி எங்க?”

“தரும்போதே தெறந்துதான் தந்தாவ. நாந்தான் கார்க்க வச்சேன்” என்றான் கஸ்பார்.

“தெறந்து தந்தானா! வெளங்கிரும். முத்தையாபுரத்துல ரெண்டு பேரு இப்பிடித்தான் கப்பல் சரக்குன்னு குடிச்சிருக்கான். ஒருத்தனுக்கு ரெண்டு கண்ணும் அவிஞ்சு போச்சாம்.”

“எப்பம் அண்ணாச்சி?” என்றான் கஸ்பார்.

“எப்பம்னா? போச்சின்னு பேசிக்கிடுதாங்க. மொதல்ல பொடி எழுத்து மங்குமாம். பொறவு பனி பெஞ்சாப்புல தெரியுமாம். பொறவு...” கையை விரித்தார். அதற்குப் பிறகு என்ன தெரியும் என்பது அந்தக் கையிலேயே இருந்தது.

கஸ்பார் மேஜை மேல் கிடந்த பேப்பரைப் பிடுங்கினான். கப்பல் வருகை பற்றிய பொடி எழுத்தைக் கடகடவென்று படித்தான். மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினான்.

நான் மடியில் வைத்துப் பார்த்தேன்.

வரிகள் இருந்தன. எழுத்துகள் இல்லை. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எறும்புகள். எறும்புகளைச் சுற்றிப் புகை.

பயம் வந்தால் முதுகு சில்லிடும் என்று எத்தனையோ கதைகளில் படித்திருக்கிறேன். எழுதியும் இருக்கிறேன். பொய். முதுகு அப்படியே இருந்தது; கைதான் பேப்பரைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். எறும்பு. பக்கத்தைப் புரட்டினேன். எறும்பு.

“படியும்வே.”

“தெரியல அண்ணாச்சி.”

தூரத்திலிருந்து கம்பவுண்டர் விரலைக் காட்டினார். “இது எத்தன?”

“ரெண்டு.”

“அது தெரியுதா!” — குரலில் லேசான ஏமாற்றம். “அந்தக் காலண்டர்?”

எதிர்ச் சுவரில் கஸ்பாரின் ஆபீஸ் காலண்டர். கப்பல் தெரிந்தது, கப்பலின் கொடி தெரிந்தது, கட்டத்துக்குள் இருந்த ராகுகாலம்கூடத் தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது. கம்பவுண்டர் விடவில்லை. “தூரப் பார்வை கடைசியிலதான் போவும்.”

“நான் ரெண்டு மடக்குதான் குடிச்சேன்” என்றான் கஸ்பார் மெதுவாக. “அந்தப் பேருக்குப் பயந்துதான் குடிக்கல. மாதா என்னைக் காப்பாத்திட்டா. ஒங்களத்தான் அண்ணாச்சி...” என் காலி டம்ளரைப் பார்த்தான். கணக்கு மிகச் சரியாக இருந்தது. அவன் இரண்டு மடக்கு. நான் இரண்டு டம்ளர். அவனுக்கு எழுத்து, எனக்கு எறும்பு.

“முறிவு ஏதும் உண்டா அண்ணாச்சி?” என்று கம்பவுண்டரைக் கேட்டேன்.

“உண்டு. கெட்ட ஸ்பிரிட்டுக்கு நல்ல சாராயந்தான் முறிவுன்னு எங்க டாக்டர் சொல்லுவாரு.”

மூன்று பேரும் பாட்டிலைப் பார்த்தோம். அது நல்ல சரக்கு என்றால் எனக்கு மருந்தே வேண்டாம். கெட்ட சரக்கு என்றால் அது மருந்தே இல்லை. காலேஜில் தர்க்க சாஸ்திரம் படித்தேன். அது வாழ்க்கையில் உதவ வந்த ஒரே சந்தர்ப்பம் இதுதான். வந்து கையை விரித்துவிட்டது.

“டாக்டர்கிட்ட போனா போலீஸுக்கு எழுதிருவாவளா?” என்று கேட்டேன்.

“எழுதினாலும் எழுதுவாவ” என்றார் கம்பவுண்டர். “ஒம்ம வேல போனாலும் போவும்.”

பகலில் ஆபீஸில் பைல் படிக்கிறேன். ராத்திரி புத்தகம் படிக்கிறேன். வாரம் ஒரு தடவை உங்களுக்கு எழுதுகிறேன். மூன்றுக்கும் இருப்பது ஒரே ஜோடிக் கண். மானேஜரின் முகமும் சரோஜாவின் முகமும் ஞாபகத்துக்கு வந்தன. ஒன்று இனிமேல் தெரியாவிட்டால் சமாளித்துக்கொள்ளலாம். இன்னொன்று... அலமாரியைப் பார்த்தேன். ‘அப்புறம் படிக்கலாம்’ என்று வாங்கி வைத்த புத்தகங்கள் வரிசையாக நின்றன. இனி யார் படித்துக் காட்டுவார்கள்? கஸ்பாரா? அவன் வாயால் கேட்டால் எந்தக் காவியமும் கப்பல் அறிவிப்பு மாதிரிதான் இருக்கும்.

“ஜெயிலுக்குப் போனாலும் கண்ணோட போவோம். சைக்கிள எடு” என்றேன்.

காரியரில் உட்கார்ந்து போனேன். எதையும் விடாமல் பார்த்தேன். கடை போர்டுகள், கோலி சோடா வண்டி, ரோட்டோரம் ஒரு ஆடு போஸ்டர் தின்பது, தூரத்தில் உப்புக் குவியல்களின் வெள்ளை. இந்த ஊரை இவ்வளவு ஆசையாக நான் பார்த்ததே இல்லை. முன்னால் கஸ்பார் மிதித்துக்கொண்டே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் திரும்பினான்.

“அண்ணாச்சி, ஒங்க கண்ணுக்காக மாதாவுக்கு ரெண்டு மெழுகுவத்தி நேந்திருக்கேன்.”

“ரெண்டு போதுமாப்பா?”

“கண்ணு ரெண்டுதான அண்ணாச்சி.”

கண் டாக்டர் ஓர் அம்மாள். கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ருஷ்யா, தக்காளி, மிளகு, கார்க், முத்தையாபுரம். அவர் சிரிக்கவில்லை, அது என்னை மேலும் பயமுறுத்தியது. எதிரே இருந்த அட்டையைப் படிக்கச் சொன்னார். கடைசி வரிவரை படித்தேன். கையில் ஒரு சின்ன அட்டையைக் கொடுத்தார். எறும்பு.

“வயசு என்ன?”

“விஷத்துக்கும் வயசுக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?”

“வயசு?”

“நாற்பத்தாறு.”

பெட்டியிலிருந்து இரண்டு கண்ணாடிச் சில்லுகளை எடுத்து என் கண்ணெதிரே பிடித்தார். எறும்புகளெல்லாம் எழுந்து நின்று எழுத்தாயின.

“சாளேஸ்வரம்” என்றார்.

கேட்டால் ஏதோ பாடல் பெற்ற ஸ்தலம் மாதிரி இருக்கிறது அல்லவா? நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டப் பார்வை மங்குவதற்கு அந்தப் பெயராம். “வந்து மூணு நாலு வருஷம் ஆகியிருக்கும். இவ்வளவு நாளா எப்படிப் படிச்சீங்க?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். கையை நீட்டிப் பிடித்துப் படித்திருக்கிறேன். பல்பை மாற்றியிருக்கிறேன். அச்சாபீஸ்காரன் மை சரியில்லை என்று திட்டியிருக்கிறேன். எனக்கு வயதாகிறது என்பதைத் தவிர மற்ற எல்லாக் காரணங்களையும் கண்டுபிடித்திருக்கிறேன்.

அப்பாடா என்று எழுந்தேன். “உட்காருங்க” என்றார் டாக்டர்.

“இது சாளேஸ்வரம். ஆனா நீங்க குடிச்சது என்னன்னு எனக்குத் தெரியாது. கெட்ட ஸ்பிரிட்டா இருந்தா இவ்வளவு சீக்கிரம் கண்ணுல காட்டாது. ஒரு ராத்திரி போனப்புறம்தான் காட்டும். வாந்தி, வயித்துவலி, மூச்சு வாங்குறது, எது வந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். போலீஸ் பயமெல்லாம் அப்புறம். ஒண்ணும் வரலேன்னா காலையில கண்ணைத் திறந்து பாருங்க.”

காலையில் கண்ணைத் திறந்து பாருங்கள்! தினமும் செய்கிற காரியம்தான். இதில் இவ்வளவு பயம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அன்று ராத்திரி கண்ணை மூடக்கூடாது என்று தீர்மானித்தேன். மூடினால்தானே திறக்க வேண்டும்? கஸ்பார் துணைக்குப் படுத்துக்கொண்டான். அவனும் தூங்கவில்லை; இரண்டு மடக்குக்கு உரிய பயம் அவனுக்கும் இருந்தது. வயிறு ஒரு தடவை ‘குர்’ என்றது. சாப்பிடாததால்தான். ஆனால் அந்த ‘குர்’ருக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். விடியும் நேரத்தில், என்னை அறியாமலே இமைகள் மூடிவிட்டன.

விழித்தபோது காதுதான் முதலில் விழித்தது. காக்கை, பால்காரன் மணி, பிறகு சரோஜாவின் குரல். முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள்.

“ஏங்க! என்ன இது, கஸ்பாரு தம்பி நடுவீட்டுல முட்டங்கால் போட்டு உக்காந்திருக்கு?”

நான் கண்ணைத் திறக்கவில்லை. தைரியம் இல்லை. எத்தனையோ மூட்டை தூக்கியிருக்கிறேன். இரண்டு இமைகள் அவ்வளவு கனக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அவள் குரல் குனிந்து, மிக அருகில் வந்தது. திறந்தேன்.

புகை.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புகை. போச்சு... முத்தையாபுரம்தான்... “சரோஜா!” என்று நான் போட்ட கத்தலில் அவள் பதறிப் பின்னால் போனாள்.

பின்னால் போனதும் தெரிந்தாள். மூக்குத்தி தெரிந்தது. கலைந்த தலைமுடி தெரிந்தது. நெற்றியில் விழுந்த கோபச் சுருக்கம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஒரு மனைவியின் கோபத்தை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்த புருஷன் இந்த ஜில்லாவில் வேறு யாரும் இருக்க முடியாது.

எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

“கண்ணாடி போடுங்கன்னு நாலு வருசமாச் சொல்லுதேன். அதுக்கு ஒரு பாட்டில் விசம் வேண்டியிருக்காக்கும்?” என்றாள். மிச்சம் இருந்ததைச் சாக்கடையில் ஊற்றினாள். ஆகவே, இதைப் படிக்கிற மதுவிலக்கு நண்பர்களே, வர வேண்டாம்.

கஸ்பார் மறுநாள் கப்பலுக்குப் போய் விசாரித்து வந்தான். அந்த என்ஜினீயர் தான் குடிக்கத் திறந்த பாட்டிலைத்தான் பாசத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டாராம். அவர்கள் ஊர்ப் பாட்டிலின் மூடி மெல்லிய தகரமாம். ஒரு தடவை கிழித்தால் திரும்பப் போட முடியாதாம். “திரும்ப எதற்கு மூட வேண்டும்?” என்று அவர் ஆச்சரியப்பட்டாராம். அசல் சரக்குதான். சாக்கடைக்கு ஒன்றும் ஆகவில்லை. மெழுகுவர்த்தி இரண்டையும் கஸ்பார் ஏற்றிவிட்டான்.

புதன்கிழமை கண்ணாடி வந்தது. மாட்டிக்கொண்டு முதல் வேலையாக, போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் எழுதியதை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்தேன்.

உங்களுக்கெல்லாம் கண் நன்றாகத்தானே இருக்கிறது... எப்படி ஐயா இவ்வளவு நாள் பொறுத்துக்கொண்டீர்கள்?