அண்ணிக்காக ஓடிய படம்

கல்யாணமாகி நான் பெங்களூருக்கு வந்த முதல் வருடம் அது. ஹெப்பகோடியில் இரண்டாவது மாடியில் ஒரு சின்ன வீடு. ஒரு அறை, ஒரு ஹால், ஒருவர் நின்றால் இன்னொருவர் நுழைய முடியாத சமையல்கட்டு. என் கணவருக்கு அங்கேயே கார் உதிரிபாகங்கள் செய்யும் ஃபேக்டரியில் வேலை. ஷிஃப்ட் வாரா வாரம் மாறும். எனக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் டேட்டா என்ட்ரி. நான் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார்; அவர் கிளம்பும்போது நான் கம்பெனி வேனில் டிராஃபிக்கில் மாட்டியிருப்பேன். எங்களுக்கென்று மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

அந்த ஞாயிறும் எனக்கு முழுசாகக் கிடைக்கவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் அவர் லேப்டாப்பைத் திறந்துவிடுவார். காசில்லாமல் படம் பார்க்கிற ஒரு வெப்சைட். ஃபேக்டரி நண்பர் ஒருவர்தான் லிங்க் அனுப்புவார். இன்று திறக்கும், அடுத்த வாரம் திறக்காது. கேட்டால் பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறிய இன்னொரு லிங்க் வரும். ப்ளே பட்டனை அழுத்தினால் முதலில் படம் வராது, ரம்மி ஆடக் கூப்பிடுகிற பெண்தான் வருவாள். அவளை மூடினால் உடம்பு இளைக்கிற பவுடர். அதையும் மூடினால் ஒருவழியாகப் படம் வரும். புதுப் படமென்றால் யாரோ தியேட்டரில் உட்கார்ந்து திருட்டுத்தனமாக எடுத்ததாக இருக்கும். திரை கோணலாகத் தெரியும், நடுநடுவே ஒரு தலை எழுந்து போகும்.

இந்தப் படம் எனக்காக அல்ல. லேப்டாப் பக்கத்தில் செல்போனை ஸ்பீக்கரில் வைத்து அவருடைய அக்காவைக் கூப்பிடுவார், எனக்கு அண்ணி. அண்ணி ஆம்பூர் பக்கம் என் மாமியார் வீட்டில் இருக்கிறார். கண் நரம்பில் ஏதோ கோளாறு. கொஞ்சம் கொஞ்சமாக மங்கிய பார்வை, இப்போது வெளிச்சம் எது இருட்டு எது என்கிற அளவோடு நின்றுவிட்டது. பார்வை மங்கத் தொடங்கிய நாட்களிலேயே அண்ணியின் கணவர் அவரை அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனவர்தான், திரும்பி வரவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாமியார் இதை ஒரே வரியில் சொன்னார். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் அதைப் பேசி நான் கேட்டதில்லை.

படத்தின் சத்தத்தை அண்ணி போனில் கேட்பார். பேச்சு இல்லாத இடங்களில் என் கணவர் கதை சொல்வார். அப்படிச் சொல்வதைக் கேட்டபோதுதான் எனக்குள் எரிய ஆரம்பித்தது. என்னிடம் இவர் பேசுவது "ம்", "சரி", "பாத்துக்கலாம்" இவ்வளவுதான். அக்காவிடமோ கதாநாயகி கட்டியிருக்கிற புடவையின் பார்டர் நிறம் முதல் வில்லனின் கார் சீட் கவர் வரை விவரமாகச் சொல்வார். எப்போது மழை பிடித்தது, யார் யாரை முதலில் பார்த்தார்கள், எல்லாம். ஒரு ஞாயிறு, படம் முடிந்த பிறகு, காலையில் கோயிலுக்குப் போனபோது நான் என்ன நிறப் புடவை கட்டியிருந்தேன் என்று கேட்டேன். ரொம்ப யோசித்து, பச்சையா என்றார். நான் சுடிதார் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

இதை யாரிடம் சொல்லி ஆறுதல் தேடுவது? பார்வை இல்லாத ஒரு பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அதனாலேயே பொறாமை உள்ளுக்குள்ளேயே வளர்ந்தது. இவர் கதை சொல்லும் நேரம் பூராவும் நான் சமையல்கட்டில் இருப்பேன். கழுவிய பாத்திரத்தையே எடுத்து மறுபடி கழுவுவேன்.

கீழ்வீட்டில் குடியிருக்கும் ஹவுஸ் ஓனர் அம்மா கன்னடக்காரர். ஒருநாள் படிக்கட்டில் நிறுத்தி, தெரிந்த தமிழில் சொன்னார்: "உன் வீட்டுக்காரர் சண்டே ஆனா எவ்ளோ சென்னாகி, நல்லா பேசறாரும்மா உன்கிட்ட. ஜன்னல்ல கேக்குது. என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேச மாட்டார். நீ லக்கி."

நான் சிரித்து வைத்தேன். மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்ட பிறகு அழுகை வந்துவிட்டது.

அந்த ஞாயிறுக்கு வருகிறேன். ஃபேக்டரியில் ஏதோ மெஷின் பழுதாகி, லீவு நாளிலும் இவரை வரச் சொல்லிவிட்டார்கள். உள்ளே போனால் போனை கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். அக்காவிடம் சொல்ல மறந்துபோய்விட்டார். எனக்கு ஒரு வகையில் சந்தோஷம்தான். என்னோடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அண்ணியோடும் இல்லையே என்று.

மூன்று மணிக்கு என் போன் அடித்தது. அண்ணி. தம்பி எடுக்கவில்லையே, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று பதறிக் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீ போட்டு மட்டும் விடும்மா. சத்தம் கேட்டா போதும், நானே புரிஞ்சுக்குவேன். நீ உன் வேலையப் பாரு" என்றார்.

மறுக்க முடியவில்லை. ரம்மிக்காரியை மூடி, பவுடரை மூடி, படத்தைப் போட்டு, போனைப் பக்கத்தில் வைத்தேன். எழுந்து போகத்தான் நினைத்தேன். ஆனால் அது ஒரு மெதுவான படம், பேச்சே குறைவு. ஒரு கட்டத்தில் வெறும் காற்றுச் சத்தமும் பாத்திரம் வைக்கிற சத்தமும்தான் கேட்டது. "என்னம்மா நடக்குது?" என்றார் அண்ணி.

"ஒண்ணும் இல்ல அண்ணி. ரெண்டு பேரும் சும்மா நிக்கிறாங்க" என்றேன்.

"எப்படி நிக்கிறாங்க?"

அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். அவன் கதவுப் பக்கமாக நிற்கிறான். அவள் அடுப்பைப் பார்த்து நிற்கிறாள், அடுப்பு எரியவில்லை. இதைச் சொன்னேன். அண்ணி ம் கொட்டினார். அவள் கை என்ன செய்கிறது என்று கேட்டார். முந்தானையைப் பிடித்திருக்கிறாள், முறுக்கவில்லை, சும்மா பிடித்திருக்கிறாள் என்றேன். அப்படியே சொல்லிக்கொண்டு போனேன். என்னை அறியாமல் லேப்டாப்புக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். நடுவில் ஒரு தலை எழுந்து குறுக்கே போனதையும் சொன்னேன். அண்ணி சிரித்தார். தம்பி இதையெல்லாம் சொல்வதில்லை, அவன் சொல்கிற படத்தில் எல்லோரும் ஒன்று கோபமாகப் பார்ப்பார்கள் இல்லாவிட்டால் சிரிப்பார்கள், வேறு முகமே கிடையாது என்றார். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு குளிர்ந்தது தெரியுமா? அந்த வீட்டில் முதல் தடவையாக அவரைவிட நான் ஒன்றில் மேல்.

அந்த மிதப்பில்தான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். படத்தில் அந்தக் கணவன் ஒரு பையை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிறான். பேச்சு கிடையாது. "பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு இறங்கிட்டான் அண்ணி. இவ வாசல்ல நிக்கிறா. அவன் தெருவுல போய்க்கிட்டே இருக்கான்" என்று நிறுத்தாமல் சொன்னேன். சொன்ன பிறகுதான் யாரிடம் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. படத்தை நிறுத்திவிட்டேன்.

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"அவன் திரும்பிப் பாத்தானா?" என்று கேட்டார் அண்ணி.

நான் நிறுத்திய இடத்திலிருந்து மறுபடி ஓட்டிப் பார்த்தேன். இல்லை, பார்க்கவில்லை என்றேன்.

"எங்க வீட்டுக்காரர் போறப்ப எனக்கு ஏற்கெனவே மங்கல்தாம்மா. சட்டை நிறம் மட்டும் கொஞ்ச தூரம் தெரிஞ்சுது, அப்புறம் அதுவும் தெரியல. திரும்பிப் பாத்தாரா இல்லையான்னு எனக்குத் தெரியாமலே போச்சு. யாரைக் கேக்கிறது?"

மன்னித்துக்கொள்ளச் சொல்லி என்னவோ உளறினேன். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. இந்த மாதிரிக் காட்சி வந்தால் தம்பி கதையை மாற்றிவிடுவான் என்றார். போன மாதம் ஒரு படத்தில் இப்படித்தான் புருஷன் விட்டுவிட்டுப் போகிறான். இவர், அவன் வேலைக்கு துபாய் போகிறான் என்று சொல்லியிருக்கிறார். "படம் முடியற வரைக்கும் அவன் துபாய்லேர்ந்து வரவே இல்ல. நானும் கேக்கல. பாவம், தம்பி எனக்காகத்தானே சொல்றான்" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன் பாத்திரச் சத்தம் எனக்கு வாரா வாரம் கேக்கும்மா. உன் நேரத்தைத்தான் எடுத்துக்கிறேன்னு தெரியும். ஆனா எனக்கும் உன்மேல பொறாமைதான். இந்த ரெண்டு மணி நேரம் போக மிச்சமெல்லாம் அவன் உனக்குத்தானே" என்றார்.

நான் மீதிப் படத்தைச் சொல்லி முடித்தேன்.

சாயங்காலம் இவர் வந்ததும் டீ கொடுத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். திரும்பிப் பார்த்தாரா என்று அண்ணி கேட்டதையும் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பிறகுதான் சொன்னார். அக்காவின் கணவர் போன அன்று காலை இவரும் அந்த வாசலில்தான் நின்றிருக்கிறார், ப்ளஸ் டூ படிக்கும் வயதில். மாமா திரும்பிப் பார்த்தார் என்றார். தெருமுனையில் ஒரு தடவை, பஸ் ஏறும்போது ஒரு தடவை. அதைச் சொன்னால் அக்கா அவருக்காகக் காத்துக்கொண்டே இருப்பாள் என்று பயந்து அப்போது சொல்லவில்லை. அப்புறம் வருடங்கள் போய்விட்டன, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

நான் வற்புறுத்தவில்லை. அண்ணி கேட்டுவிட்டார், இனி உங்கள் இஷ்டம் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு லேப்டாப்பைத் திறக்காமலேயே போன் போட்டார். ஸ்பீக்கரில்தான். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மாமா திரும்பிப் பார்த்ததைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தார்.

அண்ணி கேட்டார்: "இது நிஜமாடா, இல்ல துபாயா?"

இவர் சத்தியம் செய்தார். மறுபடி மறுபடி செய்தார். அண்ணிக்கு அது போதவில்லை. இத்தனை வருடமும் தன் மனம் நோகக் கூடாது என்று கதையை மாற்றிச் சொன்ன தம்பி அல்லவா, இதை மட்டும் எப்படி நம்புவது? அவர் என்னைக் கூப்பிட்டார்.

"ம்மா, நீ சொல்லு. அவன் மொகம் இப்ப எப்படி இருக்கு?"

நான் இவர் பக்கம் திரும்பினேன். கல்யாணமாகி இத்தனை மாதத்தில் அந்த முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. கீழ் உதட்டைப் பல்லால் கடித்திருந்தார். கண் போனிலேயே இருந்தது, என் பக்கமோ சுவர் பக்கமோ போகவில்லை. கன்னம் நனைந்திருந்தது, துடைக்கவும் இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். கடைசியில், "பொய் சொல்ற மொகம் இல்ல அண்ணி" என்றேன்.

"சரி" என்றார் அண்ணி. ஒரு பெருமூச்சு கேட்டது. "பாத்துட்டுத்தான் போயிருக்கார். சரி. படத்தைப் போடுங்க."

அண்ணி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. யாருக்காகவும் காத்திருக்கவும் இல்லை. பார்வை இல்லாதவர்களுக்கான கம்ப்யூட்டர் பயிற்சி என்று ஆம்பூரிலிருந்து வேலூருக்கு வாரத்தில் சில நாள் போய் வருகிறார். அந்த இலவச வெப்சைட் ஒருநாள் ஒரேயடியாகத் திறக்காமல் போனது. நாங்களும் புது லிங்க் தேடவில்லை, சந்தா கட்டித்தான் பார்க்கிறோம். இப்போதெல்லாம் கதை சொல்வது பெரும்பாலும் நான்தான். நடுவில் இவர் ஏதாவது திருத்த வந்தால் அண்ணி பேசாமல் இருக்கச் சொல்கிறார். இவர் முகம் சுண்டிப்போகும்.

என் பொறாமை முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இருவரும் சேர்ந்து ஏதோ ஒன்றுக்குச் சிரிக்கும்போது, அந்தச் சிரிப்பில் எனக்கு இடமில்லை என்று தோன்றும்போது, இன்னமும் சுருக்கென்று தைக்கிறது. அப்போதெல்லாம் நான் இவர் முகத்தை ஒருமுறை நிதானமாகப் பார்க்கிறேன். என்னை இவர் கவனிப்பதில்லை என்று ஒரு வருடம் மனம் புழுங்கிக்கொண்டிருந்த நானும், கண் இருந்தும் அந்த முகத்தைப் பார்க்காமலேயே இருந்திருக்கிறேன் என்பது, பார்வை இல்லாத ஒருவர் கேட்ட பிறகுதானே எனக்குப் புரிந்தது.