புகை எப்போது வருகிறது

ஐந்தாவது வரைதான் படித்தேன். என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றும் குழப்பம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் வாடகைக் கார் ஓட்டுகிறேன். கல்யாணப் பட்டு எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்களைக் கடைகளுக்கும் கோயில்களுக்கும் கூட்டிப் போவேன். பல வருடம் முதலாளிகளின் வண்டியை ஓட்டி, ஏச்சு வாங்கி, பிறகுதான் பழைய கார் ஒன்றைச் சொந்தமாக வாங்கினேன். அதிகம் பேச வராத எனக்கு, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதே பெரிய நிம்மதி.

அந்த வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்தது. கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனாலும் அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைந்திருக்கும். பின்னால் நீலப் புகை.

கார் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள், "இன்னாபா, கொசு மருந்து வண்டி வந்துடுச்சா?" என்று சிரித்தார்கள். இன்ஜினுக்குள் பிஸ்டன் ரிங் தேய்ந்து போய்விட்டது, இன்ஜினையே கழற்றி இறக்க வேண்டும் என்றார்கள். அது என்னால் தாங்க முடியாத செலவு. வண்டியை விற்றுவிட முடிவு செய்து புரோக்கரை வரச் சொன்னேன். இனி மறுபடியும் இன்னொருவர் வண்டிதான், ஏச்சுதான்.

என் மனைவி விடவில்லை. "ஆளாளுக்குச் சொல்றாங்களே, ஒருத்தனாவது தொறந்து பாத்தானா?" என்று செவிலிமேட்டில் புதிதாகப் பட்டறை போட்டிருந்த மெக்கானிக்கிடம் இழுத்துப் போனாள்.

அவர் இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து மேலே உள்ளங்கையைப் பிடித்தார். "ரிங் போயிருந்தா இங்க புஸ்ஸு புஸ்ஸுனு காத்து கையைத் தள்ளும்ணா. ஒண்ணியும் காணோம். ஓட்டிப் பாக்கலாம். அக்கா, நீங்க என் ஸ்கூட்டர்ல பின்னாலயே வந்து பொகை வருதானு பாருங்க."

பாலாற்றுப் பாலம் வரை நன்றாக மிதித்து ஓட்டினார். திரும்பியதும் மனைவி, "பொகையே இல்லபா. நான்தான் லாரி தூசியத் தின்னுக்கினு வந்தேன்" என்றாள்.

"அப்ப எப்பதாண்ணா வருது?" என்று மெக்கானிக் என்னைக் கேட்டார்.

சொல்லக் கூச்சமாக இருந்தது. சேலை எடுக்க உள்ளே போகிறவர்கள் லேசில் வெளியே வர மாட்டார்கள். நடக்க முடியாத பெரியவர்கள் வண்டியிலேயே இருப்பார்கள். அவர்களுக்காக ஏ.சி. போட்டு, இன்ஜினை அணைக்காமல் நிற்பேன். கிளம்பும்போதுதான் புகை குப்பென்று வரும். புதுப்புடவைப் பையோடு நிற்பவர்கள் மேல் போய் விழும். அவமானத்தில் இதை யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

"இத மொதல்லியே சொல்லக் கூடாதாணா!"

அதே மாதிரி ஏ.சி. போட்டு, இன்ஜினை ஓடவிட்டு வண்டியை நிறுத்தினார். எல்லோரும் டீ குடித்தோம். ரொம்ப நேரம் கழித்து உள்ளே உட்கார்ந்து ஒரே மிதி. பின்னால் நின்ற என் மனைவியே கண்ணில் தெரியவில்லை. புகைக்குள்ளிருந்து இருமிக்கொண்டே, "வருது, வருது!" என்று சந்தோஷமாகக் கத்தினாள்.

"ரிங் இல்லணா. மேல வால்வுல சின்ன ரப்பர் சீல் இருக்குது, அது காஞ்சி போச்சு. நின்னுக்கினே ஓடும்போது ஆயில் உள்ள எறங்குது, மிதிச்சா எரியுது. இன்ஜினை எறக்க வேணாம், சீலை மாத்தினா போதும்."

புரோக்கரிடம் பேசச் சொல்லிப் போனை மனைவியிடம் நீட்டப் போனேன். என்ன தோன்றியதோ, நானே புரோக்கரைக் கூப்பிட்டேன். "வண்டி குடுக்கறதா இல்லபா."

"ஏன், வேற ஆளு கேக்கறானா?"

"இல்ல. நானே ஓட்டப் போறேன்."

சீலை மாற்றியாகிவிட்டது. இப்போது கம்பியில் ஆயில் வைத்த இடத்தில் நிற்கிறது. என் எழுத்துக்குக் கூச்சப்பட்டு இதை எழுதத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்; இன்று எழுதிவிட்டேன்.

ஆவணி ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.