சூளையில் ஆறிய இரும்பு

நாலு மூங்கிலையும் பழைய தகரத்தையும் வைத்து விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டோரம் ஷெட் போட்டேன். முதல் ஆடிக் காற்றில் பறந்தது, திரும்பப் போட்டேன். லாரி அச்சை அறுத்து ஒரு பிரஸ் செய்தேன், இன்றைக்கும் அதில்தான் பேரிங் இறக்குகிறேன். பெட்ரோல் குடித்தே சொந்தக்காரனை ஓட்டாண்டி ஆக்கிக்கொண்டிருந்த ஜீப்புகளுக்கு டீசல் இஞ்சின் ஏற்றினேன். வளைவில் திருப்ப இரண்டு ஆள் பலம் வேண்டியிருந்த ஒரு வண்டிக்கு, அடிபட்டு வந்த காரின் பவர் ஸ்டியரிங்கைக் கழற்றிப் பொருத்தி ஒற்றை விரலில் திருப்ப வைத்தேன். பிரேக் பிடித்தால் அடுத்த ஊரில் போய் நிற்கும் வண்டிக்கு டிஸ்க் பிரேக் போட்டேன். வீடு கட்டினேன், மேலே மாடி எடுத்தேன், இரண்டு மகள்களைப் பட்டதாரி ஆக்கினேன். இத்தனையும் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் செய்தது. ஆங்கில மேனுவலைப் படம் பார்த்தே முடித்தவன் நான். அதில் இரண்டு படம் தப்பு என்பதையும் கண்டுபிடித்தேன்.

இதற்கெல்லாம் நான் யாரிடமும் சான்றிதழ் கேட்டதில்லை. இப்போது முதல் தடவையாக ஒன்று கேட்கப் போகிறேன். வெள்ளாற்று மணலைக் கடந்த ஒரு ஜீப்பில் என் பங்கு என்ன என்று ஒரு பலகையில் எழுத வேண்டும். ஏன் கேட்கிறேன் என்பது தெரிய வேண்டுமானால் நடந்தது தெரிய வேண்டும்.

அந்த ஜீப் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவருடையது. என்னைவிட மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் நிலத்தில் பாதி ஆற்றுக்கு இந்தக் கரை, பாதி அந்தக் கரை. பாலம் சுற்றிப் போனால் பாதி நாள் போய்விடும் என்று நேராக மணலில் இறங்கிவிடுவார். விடிகிற நேரத்தில் அவரோடு ஒருமுறை போயிருக்கிறேன். ஆற்றின் மேல் பால் ஊற்றினாற்போலப் பனி. கரை எது, தண்ணீர் எது என்று தெரியாது. வண்டிக்குள் பெரிய கியருக்குப் பக்கத்தில் இரண்டு சின்னக் கம்பிகள் இருக்கும். ஒன்றைத் தள்ளினால் முன் சக்கரத்துக்கும் உயிர் வரும். மற்றதை இழுத்தால் வண்டி நடை வேகத்துக்கு இறங்கும், யானை பலம் வரும். அவர் இரண்டையும் போட்டுவிட்டு ஸ்டியரிங்கில் கையை லேசாக வைத்திருப்பார். வண்டி தானாக வழி தெரிந்து நடக்கும். மணல் சக்கரத்தின் அடியில் மெல்ல மெல்லப் பேசும். எனக்குத் தூக்கம் மாதிரி ஒன்று வரும், ஆனால் கண் திறந்திருக்கும்.

அப்படிப்பட்ட வண்டி ஒரு நாள் எண்ணெய் சொட்டிக்கொண்டு என் ஷெட்டுக்கு வந்து நின்றது.

"மேஸ்திரி, அடியில ஏதோ ஒழுவுது, பாருங்க."

"எங்கருந்து வரீங்கண்ணே?"

"பெண்ணாடம் மில்லுக்குப் போயிட்டு வரேன்."

"ஆத்த வுட்டு ஏறுனதும் சின்னக் கம்பிய எடுத்து வுட்டீங்களா?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, "ஏறும்போது போன் வந்துச்சு" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. மணலில் சக்கரம் கொஞ்சம் வழுக்கித் தன்னைச் சரி செய்துகொள்ளும். தார் ரோட்டில் வழுக்க இடம் ஏது? நாலு சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, அந்த முறுக்கெல்லாம் நடுவில் இருக்கும் ட்ரான்ஸ்பர் கேஸில் வந்து இறங்கும். இஞ்சின் பலத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிற இரும்புப் பெட்டி அது. கீழே படுத்துப் பார்த்தேன். பெட்டியில் போல்ட் மாட்டுகிற காதோரத்தில் தொடங்கி ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

ஜங்ஷனில் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவரிடம் போய்க் கேட்டேன். எனக்குச் சமவயது, வாய் மட்டும் என்னைவிடப் பெரியது.

"இந்த மாடலுக்கா? செஞ்சவனே மறந்துட்டிருப்பான்யா. பேசாம பேரீச்சம்பழத்துக்குப் போடச் சொல்லு. ஒரு கிலோ தேறும்."

"மெட்ராஸ்ல கெடைக்காதா?"

"கெடைக்கும். அதுவும் ஒடைஞ்சுதான் கெடைக்கும். ஒடைஞ்சத கொடுத்துட்டு ஒடைஞ்சத வாங்கிட்டு வா."

பின்னால் நின்றிருந்த அண்ணன் சிரிக்கவில்லை. "வண்டி இல்லன்னா அந்தக் கரை நெலத்த வித்துட வேண்டியதுதான் மேஸ்திரி" என்று மட்டும் சொன்னார். ஷெட்டுக்குத் திரும்பியதும் வேலையில் இறங்கினேன்.

பெட்டியை இறக்கி, பல்சக்கரம் எல்லாம் கழற்றி, விரிசலின் இரண்டு முனையிலும் ஓட்டை போட்டு, நடுவில் கிரைண்டரால் பள்ளம் எடுத்து, பற்றவைத்தேன். வார்ப்பு இரும்பு என்பதால் அதற்கான நிக்கல் ராடுதான் போட்டேன். பற்று பார்க்க அழகாக இருந்தது. மீன் செதில் அடுக்கியது மாதிரி. நிழலில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். பாதி டீயில் 'டிக்' என்று ஒரு சத்தம். ஓடி வந்து பார்த்தால் பற்று அப்படியே இருந்தது, அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு விரிசல்.

அந்த நேரம் பார்த்து, ஷெட்டுக்குப் பின்னால் பீங்கான் பொம்மை சூளை வைத்திருக்கிற அம்மா தன் மொபெட்டை எடுக்க வந்தார். கை முழங்கை வரை வெள்ளை மண் காய்ந்திருந்தது. குனிந்து பார்த்தார்.

"சூடா எடுத்துக் காத்துல வெச்சீங்களாண்ணே?"

"நெழல்லதாம்மா வெச்சன்."

"நெழலுக்குக் காத்து வராதா? எங்க பொம்மைய அப்டி எடுத்தா அத்தனையும் வாயப் பொளந்துடும். நாங்க நெருப்ப நிறுத்திட்டு ரெண்டு நாளு கதவத் தொட மாட்டோம்."

"இரும்பும் பொம்மையும் ஒண்ணாம்மா?"

"ஒண்ணு இல்லதான். ஆனா ஒடைஞ்சு கெடக்கறது என் பொம்மை இல்லையே" என்று சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு பகல் முழுக்க வீம்பாக உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் சூளை வாசலில் நின்றேன். ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் கதவைத் திறந்தார். காலிச் சூளை சூட்டைப் பிடித்து வைக்காது என்று, கழித்துப்போட்ட அகல் விளக்குகளையும் மூக்கு சாய்ந்த பொம்மைகளையும் நடுவில் இடம் விட்டுச் சுற்றிலும் அடுக்கினார். என் கறுப்புப் பெட்டி அந்த வெள்ளைக் கூட்டத்துக்கு நடுவே சாமி மாதிரி உட்கார்ந்திருந்தது.

மெல்ல மெல்லச் சூடு ஏற்றினோம். பெட்டி இருட்டுச் சிவப்புக்கு வந்ததும் இடுக்கியால் வெளியே எடுத்துப் பற்றவைத்தேன், சிவப்பு மங்குவதற்குள் திரும்ப உள்ளே வைத்தேன், மறுபடி எடுத்தேன். என் முன்கை ரோமம் எல்லாம் பொசுங்கிவிட்டது. கடைசிப் பற்று முடிந்ததும் உட்பக்கம் சென்டர் பஞ்ச் என்கிற கூர் உளியால் மூன்று புள்ளி குத்தினேன். நான் பெரிய வேலை செய்கிற எந்த வண்டியிலும் அப்படிக் குத்துவேன்.

"பொம்மைக்குக் கண்ணு வெக்கிறாப்பல வெக்கிறீங்களே, என்னாண்ணே அது?"

"என் கையெழுத்தும்மா."

"அப்ப என் கைநாட்டு?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே கதவை அடைத்து இடுக்கெல்லாம் மண் பூசினார்.

இனிமேல் செய்ய ஒன்றும் இல்லை. என் வாழ்க்கையில் கை சும்மா இருந்த நாட்கள் அவைதான். ஷெட்டுக்குப் போக மனம் வரவில்லை. சூளைச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். செங்கல் வெதுவெதுப்பாக, ஒரு பெரிய மிருகம் தூங்குவது மாதிரி இருந்தது. எதிரே பலகைகளில் இன்னும் சுடாத பொம்மைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. மதிய வெயில் ஓட்டுச் சந்தில் இறங்கி அவற்றின் முகங்கள் மேல் ஊர்ந்தது. நான் ஆற்றில் இருந்தேன். பனிக்குள் ஜீப் போகிறது, ஓட்டுகிறவர் யாரும் இல்லை, இரண்டு சின்னக் கம்பிகளும் தாமாக ஆடுகின்றன. சக்கரத்தடியில் மணல் இல்லை. வெள்ளை வெள்ளையாக அகல் விளக்குகள், ஒன்றும் உடையாமல். அந்தக் கரை வருகிற நேரத்தில்—

'டிங்.'

சூளைக்குள் இருந்துதான். துள்ளி எழுந்தேன். 

"தொறங்கம்மா, போச்சு."

"இப்ப தொறந்தாதான் போவும். உக்காருங்க." அவர் கதவில் காதை வைத்துக் கேட்டார். "இது பீங்கான் சத்தம்ணே. பூச்சு விரியுது. இரும்பு இப்டிப் பாடாது."

இரும்புச் சத்தத்தைப் பற்றி எனக்கே பாடம்! ஆனாலும் திரும்ப உட்கார்ந்தேன். அன்றைய மீதியும் மறுநாள் முழுதும் அந்தச் சுவரோடு கிடந்தேன். அண்ணன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, எதையும் கேட்கப் பயந்து, திரும்பிப் போனார்.

மூன்றாம் நாள் காலையில் திறந்தோம். ஒரு வெள்ளைக் குதிரைக்குக் கழுத்தில் விரிசல். என் பெட்டி முழுசாக இருந்தது. மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணாம்புத்தூள் தூவிப் பார்த்தேன். ஈரக்கோடு எங்கேயும் கசியவில்லை. குதிரையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன், ஷெட்டில் இருக்கிறது.

வண்டியைப் பூட்டி, பம்பு மோட்டாரும் உர மூட்டைகளும் ஏற்றி, அண்ணனும் நானும் விடியலில் ஆற்றில் இறங்கினோம். அதே பனி. நடுவில் முழங்கால் தண்ணீர். நான் தலை குனிந்து காதைத் தரைத் தகட்டோடு வைத்துக்கொண்டேன். மணல் பேசியது, தண்ணீர் பேசியது, பெட்டி மட்டும் ஒன்றும் பேசவில்லை. அந்தக் கரை ஏறியதும் சின்னக் கம்பிகள் இரண்டையும் அண்ணனே எடுத்துவிட்டார், என்னைப் பார்த்துக்கொண்டே. நான் அடியில் படுத்துப் பெட்டியைத் தொட்டேன். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. சூளைச் சுவர் மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

திரும்பி வரும் வழியில் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் வாங்கி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் மேஜையில் வைத்தேன். பிரித்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "கொட்டை எடுத்ததா வாங்கக் கூடாதா?" என்றார்.

அந்தக் கரை நிலம் கடைசி வரை அண்ணனிடமே இருந்தது. அவர் போன பிறகு வண்டி அவர் மகனிடம் போனது. பெரிய நகரத்தில் வேலை பார்க்கும் பிள்ளை. அங்கேயே ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து பெயிண்ட், சீட், விளக்கு எல்லாம் புதிதாக்கி, பழைய வண்டிகளின் கண்காட்சியில் நிறுத்தினான். அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். படத்தை என்னிடம் காட்டியவர் அதே கடைக்காரர். போனைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடி வந்தார்.

"யோவ், நான் பேரீச்சம்பழத்துக்குப் போடச் சொன்ன வண்டிதானே இது? பலகையில யாரு பேரு இருக்குது பாரு!"

வண்டிக்கு முன்னால் ஒரு பலகை. முழுமையாக மீட்டெடுத்தவர்கள் என்று அந்த நகரத்து ஒர்க்‌ஷாப்பின் பெயர். பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசினேன்.

"பலகையில ஒரே வரிதான் எடம் கொடுத்தாங்க மேஸ்திரி. நீங்க செஞ்சது உள்ள இருக்குது. வெளிய யாருக்குத் தெரியும் சொல்லுங்க?"

"உங்கப்பாவுக்குத் தெரியும்பா."

 அடுத்த கண்காட்சிக்குப் புதுப் பலகை அடிப்பதாகவும், என்ன எழுதணும் என்று எழுதி அனுப்பும்படியும் சொன்னான்.

அதைச் சொல்லத்தான் சூளைக்குப் போனேன். அந்த அம்மா பொம்மைகளுக்கு மண் வழித்துக்கொண்டே கேட்டார். "நான் செஞ்ச பொம்மை ஊரு ஊரா அலமாரியில நிக்கிது. எதுலண்ணே என் பேரு இருக்குது? நீங்க கூட, சூளையில ஆற வெக்கிறது உங்க ஐடியான்னுதானே ஜங்ஷன் பூரா சொல்லிட்டுத் திரியிறீங்க."

சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அத்தனை வருஷமும் சொன்னேன். அவர் காதுக்கு வந்திருக்கும் என்று நினைக்கவில்லை.  அவர் ஒரு பொம்மையின் மூக்கை ஈர விரலால் சரி செய்தார். என் பக்கம் பார்க்கவில்லை.

அன்றிரவே அண்ணன் மகனுக்கு எழுத உட்கார்ந்தேன். தம்பி, பலகைக்கு நான் எழுதித் தருவது இதுதான். பெயிண்டும் சீட்டும் விளக்கும் அந்த ஒர்க்‌ஷாப்காரர்கள் செய்தது; அதை அழிக்க வேண்டாம். உடைந்த இரும்பைச் சூளையில் வைத்துப் பொறுமையாக ஆற விட வேண்டும் என்று சொன்னது விருத்தாசலத்தில் பொம்மை செய்யும் அந்த அம்மா. அவர் வேண்டாம் என்றாலும் அவர் பெயரைப் போடு. நம்பாதவர்கள் பெட்டியின் அடித்தகட்டைக் கழற்றி, கண்ணாடி வைத்து உள்ளே பார்க்கட்டும், மூன்று புள்ளி இருக்கும். நாலாவது புள்ளி ஒன்று அவருக்காகக் குத்த வேண்டும். சுத்தியும் சென்டர் பஞ்சும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.

அந்தப் பெட்டியைப் பற்றவைத்தது நான். உன் அப்பாவை அந்தக் கரையில் கொண்டுபோய் இறக்கியது நான். என் பெயர் உனக்குத் தெரியும். அதைப் பலகையில் முதல் வரியில், எழுத்துப் பிழை இல்லாமல், ஒர்க்‌ஷாப்பின் பெயரை விடச் சின்னதாகிப் போகாமல் போடு.